ஏரிக்கரை வழியும் ஊர்த்தெரு வழியும்

எங்க தாத்தாவுக்கு எழுத்து தெரியாது. ஆனா சுத்துப்பட்டு முப்பது நாப்பது ஊருக்கு வழி தெரியும். எந்த வரப்பில் இறங்கினால் சுருக்கு, ஆற்றில் தண்ணி வந்தால் எந்த இடத்தில் இடுப்பளவு, எந்தக் கிணத்து மேட்டில் நாயை அவிழ்த்து விட்டிருப்பார்கள் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. சின்ன வயதில் இதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறேன். எம்.ஏ. தமிழ் படிக்கப் போன பிறகுதான் அவருக்கு ஏன் அத்தனை வழி தெரிந்திருந்தது என்று கேட்கத் தோன்றியது. அம்மா ஒரே வரியில் சொன்னாள்: "ஊருக்குள்ள யாராவது செத்தா சேதி சொல்லப் போறது யாருன்னு நெனச்ச?"

ஊர்க்காரர் வீட்டுச் சாவை அவர்களுடைய உறவுமுறை இருக்கிற ஊருக்கெல்லாம் ராத்திரியோடு ராத்திரியாக நடந்துபோய்ச் சொல்வது தாத்தா வேலை. வாசலுக்கு வெளியே நின்று சொல்லிவிட்டு, போடுகிற நெல்லைத் துண்டில் ஏந்திக்கொண்டு அடுத்த ஊருக்கு நடக்க வேண்டும். அவருடைய வழியறிவு அடிமை வேலை கொடுத்த அறிவு.

அப்படி வந்த அறிவை என்ன செய்வது? காப்பாற்றுவதா, தலைமுழுகுவதா? 1990களில் நம் இயக்கங்களுக்குள் பறையை முன்வைத்து இந்தக் கேள்வி எழுந்தது. சாவுக்கு அடிக்கமாட்டோம் என்று பறையைக் கீழே போட்டவர்கள் ஒருபக்கம். அதையே விடுதலையின் இசையாக மேடையேற்றியவர்கள் மறுபக்கம். இரண்டிலும் நியாயம் இருந்தது. எனக்கு அதே கேள்வி வேறு உருவத்தில், மோட்டார் சைக்கிளில் ஏறி வந்தது.

எங்கள் பகுதியில் மூத்த தோழர் ஒருவர் உண்டு. 1990களில் ஒரு பழைய ராஜ்தூத் வண்டியில், வன்கொடுமை நடந்த ஊர்களுக்கெல்லாம் போய் விவரம் சேகரித்தவர். நான் வண்டி பழகியது அவரிடம்தான். "பிளக்கைக் கழட்டிப் பாரு தம்பி. கருப்பா எண்ணெ கசிஞ்சிருந்தா ஆயில் ஜாஸ்தி. வெளுத்திருந்தா எஞ்சின் சூடு ஜாஸ்தி. காப்பிக் கலர்ல இருந்தாத்தான் வண்டி சுகமா இருக்குன்னு அர்த்தம்" என்பார். ஒரு கிளட்ச் ஒயர், ஒரு பிளக், பஞ்சர் ஒட்டும் சாமான், டார்ச் லைட் இல்லாமல் கிளம்பமாட்டார். ரிசர்வுக்குத் திருப்பியபின் எத்தனை கிலோமீட்டர் ஓடும் என்பதை மனசில் எண்ணிக்கொண்டே ஓட்டுவார். ராத்திரியில் நம்மைத் துரத்துகிறவன் இருக்கும்போது வண்டி நின்றுபோனால் மெக்கானிக்கைத் தேட முடியாது என்பது அவர் கணக்கு.

அவருடைய பெட்டியில் இந்திய நில அளவைத் துறையின் வரைபடத் தாள்கள் மடிப்பு கிழிந்து கிடந்தன. 1:50,000 அளவு, இரண்டு சென்டிமீட்டர் என்றால் தரையில் ஒரு கிலோமீட்டர். வண்டிப்பாதைக்கு ஒரு குறி, ஒற்றையடிப் பாதைக்கு ஒரு குறி. கோயிலுக்கும் மசூதிக்கும் மாதா கோயிலுக்கும் தனித்தனிக் குறி. சாதிக்குக் குறி கிடையாது. ஆனாலும் தாளில் அது தெரியும். அவர் விரலை வைத்துக் காட்டினார்: "பார், செவப்புக் கட்டம் கட்டமா வீடுங்க. நடுவுல கோயில். அப்புறம் கொஞ்சம் வெத்து எடம். அந்தாண்ட தனியா நாலஞ்சு செவப்பு. அதான் நம்ம தெரு." வரைந்தவன் மறைக்கவுமில்லை, சொல்லவுமில்லை. படிக்கத் தெரிந்தவனுக்கு அந்த வெற்றிடம்தான் செய்தி.

இந்தத் தாள்களின் வரலாறும் யோசிக்க வேண்டியது. 1802-இல் பரங்கிமலை அருகே அடிக்கோடு அளந்து லாம்டன் பெரும் நில அளவையைத் தொடங்கினார். அரை டன் எடையுள்ள அளவைக் கருவியை 1808-இல் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின்மேல் ஏற்றும்போது அது சுவரில் மோதிச் சேதமடைந்தது. உயரத்தில் நின்று அளந்த அறிவு அது. தரையில் நடந்த அறிவு வேறொன்று. எல்லைத் தகராறு வந்தால் பறையர் ஒருவர் தலையில் தண்ணீர்க் குடத்தோடு எல்லையை நடந்து காட்டும் வழக்கத்தை 1909-இல் வெளியான தன் நூலில் தர்ஸ்டன் பதிவுசெய்திருக்கிறார். அவர் நடந்த கோடுதான் எல்லை. கோட்டுக்கு உள்ளே அவருக்குச் சொந்தமாக நிலம் இருந்ததா என்பதை மட்டும் யாரும் கேட்கவில்லை.

இப்போது கைபேசி வழி சொல்கிறது. அதை நான் கேலி செய்யமாட்டேன். டீக்கடையில் நிறுத்தி வழி கேட்டால் "ஊருக்கா, காலனிக்கா?" என்று எதிர்க்கேள்வி வரும். நாம் சொல்லும் பதிலில் நம் சாதி வெளியே வந்துவிடும். கைபேசி அதைக் கேட்பதில்லை. காகித வரைபடத்தோடு மலைப்பாதைகளில் போய் வழி தவறுவதே ஒரு சுகம் என்று எழுதுகிறவர்களைப் படித்திருக்கிறேன். அவர்களுக்கு அது சுகமாக இருக்கலாம். நமக்கு ராத்திரி பத்து மணிக்குத் தப்பான தெருவில் நுழைவது சுகமல்ல. ஆகவே பழைய வித்தை என்பதாலேயே ஒன்று உயர்ந்ததாகிவிடாது. அது யாருக்கு எதற்காகத் தேவைப்பட்டது என்று பார்க்க வேண்டும்.

வித்தையே வேண்டாம் என்றும் சொல்ல முடியாது. 1929-இல் தீண்டப்படாதோர் குறைகளை விசாரிக்கும் குழுவின் உறுப்பினராக அம்பேத்கர் சுற்றுப்பயணத்தில் இருந்தபோது, சாலிஸ்காவில் அவரை ஏற்றி ஓட்ட எந்தக் குதிரைவண்டிக்காரரும் சம்மதிக்கவில்லை. வண்டியை மட்டும் வாடகைக்குத் தந்தார்கள். தங்கள் தலைவர் நடந்து வரக்கூடாது என்று, ஓட்டிப் பழக்கமே இல்லாத மகர் ஒருவர் கடிவாளத்தைப் பிடித்தார். பாலத்தில் சக்கரம் சிக்கியது. அம்பேத்கர் கல் தளத்தில் தூக்கியெறியப்பட்டுக் கால் முறிந்தது. குதிரையும் வண்டியும் ஆற்றில் விழுந்தன. அந்த மக்களிடம் மானம் இருந்தது. ஓட்டும் பழக்கம் இல்லை. வண்டிக்காரர்களிடம் பழக்கம் இருந்தது, மனிதம் இல்லை. இதை நினைக்கும்போதெல்லாம் மானமும் வித்தையும் ஒரே கையில் இருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றும். ஆனால் அந்த இரண்டும் ஒன்றையொன்று எதிர்க்கும்போது என்ன செய்வது?

சில ஆண்டுகளுக்கு முன் வட மாவட்டத்து ஊர் ஒன்றுக்குத் தகவல் கிடைத்துப் போனோம். காலனிப் பையன்கள் மூன்று பேரை, ஊர்த்தெருவில் வண்டியை விட்டு இறங்கித் தள்ளிக்கொண்டு போகவில்லை என்று அடித்திருந்தார்கள். ஏரி தாண்டியதும் கைபேசியில் சிக்னல் போய்விட்டது. கடைசியாக அது காட்டிய கோடு ஊர்த்தெரு வழியாகப் போனது. தோழர் கொடுத்த தாளை டார்ச் வெளிச்சத்தில் விரித்தேன். ஏரிக்கரை மேல் ஒற்றையடிப் பாதை ஒன்று காலனியின் பின்பக்கம் இறங்கியது. விளக்கை அணைத்து, முதல் கியரில், சத்தமில்லாமல் கரையேறிப் போய் இறங்கினோம். எனக்கு உள்ளூரப் பெருமைதான். தாத்தா என் தோளில் உட்கார்ந்து வழி சொன்னது போலிருந்தது.

கையில் கட்டுப் போட்டிருந்த பையன் எங்களைப் பார்த்துக் கேட்டான்: "ஏண்ணா, எந்தப் பக்கமா வந்தீங்க?"

"ஏரிக்கரை வழியா தம்பி."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். அப்புறம் சொன்னான்: "எங்க ஆயா காலத்துல இருந்து நாங்க அப்படித்தாண்ணா வந்துனு இருந்தோம். அது வேணாம்னுதான் அடி வாங்கினோம்."

எனக்குப் பதில் வரவில்லை. இன்றைக்கும் முழுசாக வரவில்லை. நான் செய்தது பாதுகாப்பு என்று வாதிடலாம். அந்த நேரத்தில் அது தேவையும்கூட. ஆனால் என் கையிலிருந்த தாள், பிளக்கைப் பார்த்து எஞ்சினைச் சொல்லும் பழக்கம், தாத்தாவின் கால்கள் எல்லாம் சேர்ந்து என்னை அழைத்துப் போனது, அவர்கள் போகச் சொன்ன அதே வழியில்தான். ஒளிந்து போகிற வழியை நாம் மறக்கக் கூடாது. மறந்தால் ஒருநாள் உயிர் போகும். அதே வழியை நம் வழி என்று ஏற்றுக்கொண்டுவிடவும் கூடாது. வழி தெரிந்திருப்பது வித்தை. எந்த வழியில் போவது என்பதை வித்தை தீர்மானிக்காது. அதை அந்தத் தெருவில் தினமும் நடக்க வேண்டியவர்கள்தான் தீர்மானிக்க வேண்டும். அவர்களைக் கேட்காமல் வழி தேர்ந்தெடுத்ததுதான் நான் செய்த பிழை.

மறுநாள் காலை பையன்களைக் கேட்டோம். அவர்கள் சொன்னபடி மூன்று வண்டியில் ஆறு பேர், ஊர்த்தெரு வழியாக, இறங்காமல், இரண்டாம் கியரில் வெளியே வந்தோம். திண்ணையில் இருந்தவர்கள் பார்த்தார்கள். ஒருவர் எழுந்து நின்றார். அன்றைக்கு வேறெதுவும் நடக்கவில்லை. மெயின் ரோட்டில் வண்டியை நிறுத்தியபோதுதான் என் கை நடுங்குவது தெரிந்தது.

அந்தத் தாள் என்னிடம்தான் இருக்கிறது. ஏரிக்கரைப் பாதையை நான் அழிக்கவில்லை. ஊர்த்தெருவின் மேல் மட்டும் பென்சிலால் ஒரு கோடு இழுத்து, பக்கத்தில் தேதி எழுதி வைத்திருக்கிறேன்.