வசனமா, சுவரா?

எங்க அம்மாச்சிக்கு எழுத்து தெரியாது. எபேசியர் 2:14 மட்டும் மனப்பாடம். யூதருக்கும் புறஜாதியாருக்கும் நடுவே இருந்த சுவரைக் கிறிஸ்து இடித்துப்போட்டார் என்கிற வசனம்.

‘வேதத்துக்கே முதலிடம்’ என்று ஞாயிறுதோறும் பிரசங்கிப்பார்கள். அம்மாச்சி செத்தப்ப, கல்லறைத் தோட்டத்துக் குறுக்குச் சுவருக்கு அந்தாண்ட குழி வெட்டச் சொன்னாங்க. கேட்டதற்கு, ‘வழக்கம்’ என்றார்கள்.

1715இல் தரங்கம்பாடியில் புதிய ஏற்பாடு தமிழில் அச்சேறியது. முந்நூறு வருஷத்துக்கு மேலாகிறது. புரியலைன்னு யாரும் சொல்ல முடியாது.

வசனமும் வழக்கமும் மோதும்போது எது விட்டுக்கொடுக்கிறதோ, அதுதான் இரண்டாவது. எங்க சபையில் வசனம் விட்டுக்கொடுத்தது. சாதிதான் அங்கே முதல் வேதம்.

பீடத்தில் பைபிளை வைப்பது சுலபம். அதை முதலில் வைக்கணும்னா கடப்பாரை எடுக்கணும்.

வாசிக்கத் தெரியாத அம்மாச்சி அந்த வசனத்தை நம்பினாள். வாசித்தவர்கள் சுவரை நம்பினார்கள்.