கணவன் மனைவிக்குள் கணக்கு எதற்கு?

 

வந்தவாசி என்றதும் நினைவுக்கு வருவது கோரைப்பாய். கைத்தறியில் ஒருவர் கோரையைக் கோத்துக் கொடுக்க, மற்றவர் அச்சை அடிப்பார். பல வீடுகளில் அந்த இருவர் கணவனும் மனைவியும்தான். பக்கத்து ஆரணியில் கணவர் பட்டுத்தறியில் உட்கார்ந்தால், தார் சுற்றித் தருவது மனைவி. ஆனால் கூலியும் கடையும் பெரும்பாலும் கணவர் பெயரில்தான். "கணவன் மனைவிக்குள் என்ன கணக்கு?" என்கிறோம். கேட்க அன்பாகத்தான் இருக்கிறது. மார்க்கம் என்ன சொல்கிறது?

ஆணின் உழைப்பில் ஆணுக்கும், பெண்ணின் உழைப்பில் பெண்ணுக்கும் பங்குண்டு என்பதை அந்நிஸா அத்தியாயத்தின் 32ஆம் வசனத்தில் அல்லாஹ் தெளிவாக்குகிறான். அன்னை கதீஜா (ரலி) அவர்களின் சரக்கை நபி (ஸல்) அவர்கள் ஷாம் தேசத்துக்குக் கொண்டு சென்றபோது, முதல் யாருடையது, உழைப்பு யாருடையது என்பதில் குழப்பமே இல்லை. அந்த நாணயத்தின் மீதுதான் அவர்களின் திருமணமே அமைந்தது.

இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்களின் மனைவி ஸைனப் (ரலி), தம் கணவருக்கும் தம் பொறுப்பிலிருந்த அநாதைகளுக்கும் செலவிடுவது தர்மமாகுமா என்று கேட்டனுப்பினார்கள். உறவைப் பேணியதற்கு ஒன்று, தர்மத்துக்கு ஒன்று என இரண்டு கூலி உண்டு என்றார்கள் நபி (ஸல்) அவர்கள். புகாரியில் இது பதிவாகியுள்ளது. சிந்தியுங்கள்! பொருள் அவருடையது என்பதால்தான் அது தர்மமாயிற்று. "இது உன்னுடையது" என்று ஒப்புக்கொள்ளாத பொருளை மனைவி எப்படி மனமுவந்து தர முடியும்? நாம் எடுத்துக்கொண்டோம் என்பதுதானே உண்மை?

இதன் விளைவு மவுத்துக்குப் பிறகு தெரியும். பிள்ளைகள் இருந்தால், கணவர் விட்டுச்சென்ற சொத்தில் மனைவிக்கு எட்டில் ஒன்று. அது அல்லாஹ் விதித்த பங்கு. ஆனால் அது கணவரின் சொத்தில் மட்டும்தான். கூட்டாகச் சேர்த்த தறியிலும் கடையிலும் மனைவிக்குரியதை முதலில் பிரிக்காவிட்டால், உயிரோடிருப்பவரின் உழைப்பையும் சேர்த்தல்லவா வாரிசுகள் பங்கு போடுகிறார்கள்!

எனவே இன்றே பேசுங்கள். மனைவியின் உழைப்பு கூட்டுப் பங்கா, கூலிக்கா, அன்பளிப்பா? மூன்றும் ஹலால்தான். எது என்று சொல்லாமல் விடுவதுதான் ஆபத்து. ஊர் ஆலிமிடம் கேட்டு எழுதி வையுங்கள். கடனை எழுதச் சொல்லும் அல்பகறா 282ஆம் வசனம் உறவினருக்கு விலக்குத் தரவில்லை. எழுதுவது சந்தேகத்தால் அல்ல, அமானிதத்தால்.

நம் இல்லங்களிலும் தொழில்களிலும் நீதியையும் பரக்கத்தையும் அல்லாஹ் தந்தருள்வானாக! ஆமீன்.