முதலில் நீளும் கை

புனேயின் கோரேகாவ் பார்க் பகுதியில் இருக்கும் ஜெர்மன் பேக்கரி, ஓஷோ ஆசிரமத்துக்கு வரும் வெளிநாட்டினரும் உள்ளூர்க் கல்லூரிப் பிள்ளைகளும் அக்கம்பக்கமாக உட்கார்ந்து காபி குடிக்கும் இடம். 2010 பிப்ரவரி 13, சனிக்கிழமை மாலை, அங்கே கேட்பாரற்றுக் கிடந்த ஒரு பை வெடித்தது. 17 பேர் இறந்தார்கள். வெயிட்டர் ஒருவர் அந்தப் பையைத் திறக்கப் போனபோது வெடித்ததாகத் தெரிகிறது என்று அப்போது மத்திய உள்துறைச் செயலாளராக இருந்த ஜி.கே.பிள்ளை சொன்னார். வாடிக்கையாளர் விட்டுப்போன பையைப் பார்த்ததும் எடுத்து வைப்பது எந்த ஓட்டல் ஊழியருக்கும் கைப்பழக்கம். வேலையில் கருத்தாக இருப்பவரின் கைதான் முதலில் நீளும்.

அதற்குப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன், 1995 மார்ச் 20 அன்று, டோக்கியோவிலும் அப்படியொரு கை நீண்டது. ஓம் ஷின்ரிக்கியோ என்ற சமயக் குழுவினர் ஐந்து சுரங்க ரயில்களில் சாரின் என்ற நச்சுத் திரவப் பைகளை வைத்து, கூர்மையாக்கிய குடை நுனியால் குத்திவிட்டு இறங்கிப் போனார்கள். கசுமிகசெகி நிலையத்தின் துணை அதிகாரி கசுமாசா தகாஹாஷி, ரயில் பெட்டியில் ஏதோ திரவம் கொட்டிக் கிடப்பதாகக் கேள்விப்பட்டு ஓடினார். பையை அப்புறப்படுத்தினார், தரையைச் செய்தித்தாளால் துடைத்தார். ரயில் தாமதமாகக் கூடாது, பயணிகள் வழுக்கி விழக் கூடாது. அவர் மனத்தில் இருந்திருக்கக்கூடியது அவ்வளவுதான். அன்றே இறந்துபோனார். அந்தத் தாக்குதலுக்குப் பலியானவர்கள் மொத்தம் 14 பேர். அவர்களில் ஒருவர் கால் நூற்றாண்டு படுத்த படுக்கையாகக் கிடந்து 2020இல் கண்ணை மூடினார்.

இப்படி இறப்பவர்களைத் தியாகிகள் என்று கும்பிடுகிறோம். கும்பிடத் தகுந்தவர்கள்தான், சந்தேகமில்லை. ஆனால் தியாகம் என்றால் தெரிந்தே தன்னைக் கொடுப்பது. தகாஹாஷிக்கு அது சாரின் என்று தெரியாது. தெரியாத ஒன்றைத் தொடாதே, தள்ளி நில், ஆட்களை வெளியேற்று என்று யாராவது அவருக்குப் பழக்கியிருந்தால், அவர் அதைத் தொட்டிருப்பாரா? பழக்கத் தவறியவர்களின் கடனை இறந்தவரின் புண்ணியக் கணக்கில் வரவு வைத்து மூடிவிடுவது அறமாகுமா? வேலையிடத்து ஆபத்து பற்றிப் பேசும்போது கேட்க வேண்டிய கேள்வி இதுதான். பாதுகாப்பு அதிகாரியின் கோப்பில் முடிந்துவிடும் கேள்வியல்ல. சமயமும் தத்துவமும் பதில் சொல்லியாக வேண்டிய கேள்வி.

நம் பக்கத்தில் இதற்குச் சுலபமான பதில் ஒன்று உண்டு: விதி. நடக்க வேண்டியது நடக்கும், பாதுகாப்பு ஒத்திகை பார்த்து எதைத் தடுக்கப் போகிறோம்? போதாக்குறைக்கு, நல்ல நாளும் அதுவுமாக விஷவாயு பற்றியெல்லாம் பேசாதீர்கள் என்ற கண்டிப்பும் சேர்ந்துகொள்ளும். வள்ளுவர் ஊழுக்கு ஓர் அதிகாரம் ஒதுக்கியது உண்மை. முயற்சிக்கு ஆள்வினையுடைமை என்று இன்னோர் அதிகாரமும் அவரே வைத்தார். அஞ்ச வேண்டியதற்கு அஞ்சுவதையும், வரப்போவதை முன்கூட்டி அறிந்து காப்பதையும் அவர் பேசுவது அறிவுடைமை அதிகாரத்தில். பயத்தை அறிவின் கூறாக வைத்த மரபில் வந்தவர்கள், ஒத்திகை மணி அடித்தால் அபசகுனம் என்று முகம் சுளிப்பது பொருந்தவில்லை.

புனேக்காரர்களுக்கு இன்னும் நெருக்கமான சான்று ஒன்று இருக்கிறது. மாண்டலே சிறையில் எழுதி, 1915இல் வெளியிட்ட ‘கீதா ரகசியம்’ நூலில் பாலகங்காதர திலகர், கீதை துறவைவிடச் செயலையே வலியுறுத்துகிறது என்று வாதிட்டார். உலகம் நிலைகுலையாமல் காக்கும் லோகசங்கிரகத்துக்காக, பலனில் பற்றில்லாமல் உழைக்க வேண்டும் என்பது அவருடைய வாசிப்பு. பலன் கருதாத செயலுக்குப் பாதுகாப்பு ஒத்திகையைவிடப் பொருத்தமான உதாரணம் கிடைப்பது அரிது. ஆபத்து வராவிட்டால் வீண் செலவு என்பார்கள். வந்து, எல்லோரும் பிழைத்துக்கொண்டால், அப்படியொன்றும் பெரிய ஆபத்தில்லை என்பார்கள். பாராட்டே கிடைக்காத கடமை அது.

அந்தக் கடமையை முன்கூட்டிச் செய்த ஒருவர் டோக்கியோவிலேயே இருந்தார். செயின்ட் லூக் மருத்துவமனையின் தலைவர் ஷிகேயாகி ஹினோஹாரா, கிறித்தவர். 1945 குண்டுவீச்சின்போது காயம்பட்டவர்களைப் படுக்கவைக்க இடமில்லாமல் தவித்ததைக் கண்டவர். 1990களின் தொடக்கத்தில் புதிய கட்டடம் எழும்பியபோது, நடைபாதைகளிலும் ஜெபக்கூடத்திலும்கூட ஆக்சிஜன் குழாய் பதிக்கச் சொன்னார். மிகையான செலவு என்று குறை சொன்னார்கள். சாரின் தாக்குதல் நடந்த அன்று ஒரே நாளில் அந்த மருத்துவமனைக்கு 640 பேர் வந்தார்கள். ஜெபக்கூடம் வார்டாக மாறியது. வழிபாட்டுச் சுவரில் ஆக்சிஜன் குழாய் வைத்த அந்த மனிதர், ஜெபத்தையும் முன்னேற்பாட்டையும் வேறு வேறாகப் பார்க்கவில்லை.

கதை அத்தோடு முடியவில்லை. நோயாளிகளின் உடைகளில் ஒட்டியிருந்த சாரின் ஆவியாகி, காற்றோட்டம் குறைந்த அதே ஜெபக்கூடத்தில் பணியாற்றிய செவிலியர்களையும் மருத்துவர்களையும் தாக்கியது. கண் மங்கியது, தலை வலித்தது. முதலில் உடையைக் களைந்து, உடம்பைக் கழுவி, பிறகே உள்ளே அனுமதிக்க வேண்டும் என்ற பாடத்தை உலகத்து மருத்துவமனைகள் அங்கிருந்துதான் அழுத்தமாகக் கற்றன. எவ்வளவு நல்ல மனமும் இந்த அறிவுக்கு ஈடாகாது. சாரின் என்றதும் எங்கோ ஜப்பானிய விவகாரம் என்று ஒதுக்கிவிட முடியாது; வயலுக்கு அடிக்கும் சில பூச்சிமருந்துகளின் நெருங்கிய உறவு அது. பூச்சிமருந்து குடித்தவர்களுக்கு அட்ரோபின் ஊசி போட்டுப் போட்டுக் கை பழகிய நம் அரசு மருத்துவமனை நர்சுகளுக்கு அந்த விஷத்தின் குணம் தெரியும்.

இந்தியாவில் இந்தப் பேச்சு போபாலைத் தொடாமல் நகராது. 1984 டிசம்பர் 2 நள்ளிரவு, யூனியன் கார்பைடு ஆலையிலிருந்து சுமார் 40 டன் மீத்தைல் ஐசோசயனேட் வெளியேறியது. குளிரூட்டும் அமைப்பு ஏற்கெனவே நிறுத்தப்பட்டிருந்தது; எரிகோபுரத்தின் குழாய் கழற்றப்பட்டுக் கிடந்தது. ஈரத்துணியால் மூக்கையும் வாயையும் பொத்திக்கொள்ளுங்கள் என்ற ஒற்றை வரி அறிவுரைகூட ஆலையைச் சுற்றியிருந்த குடிசைகளுக்குச் சொல்லப்பட்டிருக்கவில்லை. ரயில் நிலையத்தில் அன்றிரவு பணியிலிருந்த துணைக் கண்காணிப்பாளர் குலாம் தஸ்தகீர், நேரம் வருமுன்பே ஒரு பயணிகள் ரயிலைக் கிளப்பி அனுப்பினார். பக்கத்து நிலையங்களுக்குத் தகவல் சொல்லி, வரும் ரயில்களை நிறுத்த வைத்தார். சக ஊழியர்கள் பலர் இறந்தார்கள். அவர் அந்த நஞ்சின் பாதிப்போடே வாழ்ந்து 2003இல் மறைந்தார்.

கார்பைடு சொன்ன பதில் என்ன? அதிருப்தி கொண்ட ஒரு தொழிலாளி வேண்டுமென்றே தொட்டியில் தண்ணீரை விட்டான், இது நாசவேலை. நாசவேலை, பயங்கரவாதம் போன்ற சொற்களுக்கு இங்கே ஒரு வசதி இருப்பதைக் கவனிக்க வேண்டும். கெட்டவன் ஒருவனைக் காட்டிவிட்டால் மற்றவர்கள் கை கழுவிக்கொள்ளலாம். ஆனால் நுரையீரலுக்கு நோக்கம் தெரியாது. வால்வைத் திறந்தது சதிகாரனா, துருவா, தூக்கக் கலக்கமா என்பது நீதிமன்றம் ஆராய வேண்டிய விஷயம். காற்று வீசும் திசைக்குக் குறுக்கே ஓட வேண்டும் என்பது மூன்றுக்கும் பொதுவான விஷயம்.

உச்ச நீதிமன்றமும் ஏறக்குறைய இந்த இடத்துக்கே வந்து சேர்ந்தது. 1985 டிசம்பரில் டெல்லி ஸ்ரீராம் ஆலையில் ஓலியம் வாயு கசிந்த வழக்கில், நீதிபதி பி.என்.பகவதி தலைமையிலான அமர்வு 1986 டிசம்பரில் தீர்ப்பளித்தது. ஆபத்தான தொழில் நடத்துபவருக்கு முழுப் பொறுப்பு. பழைய ஆங்கிலேயச் சட்டம் அனுமதித்த விலக்குகள் செல்லாது. கடவுள் செயல், அந்நியர் செயல் என்று தப்பிக்க உதவிய வாசல்கள் அந்த விலக்குகளில் அடக்கம். இறைவனின் பெயரைச் சொல்லிப் பொறுப்பைத் தட்டிக்கழிக்கக் கூடாது என்று ஒரு மதச்சார்பற்ற நீதிமன்றம் சொன்னதில் ஆழ்ந்த ஆன்மிகம் இருக்கிறது.

புனேயில் இந்தத் துறை அறிந்தவர்களுக்குப் பஞ்சமில்லை. தாபோடியில் உள்ள ராணுவப் பொறியியல் கல்லூரி ரசாயன, அணு ஆயுதத் தாக்குதல்களைச் சமாளிக்கப் பயிற்சி தருகிறது. தேசியப் பேரிடர் மீட்புப் படையின் ஐந்தாவது பட்டாலியன் தளேகாவ் பக்கம் இருக்கிறது. ரசாயன பயங்கரவாதத்துக்கென்றே தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் 2009இல் தனி வழிகாட்டுதல் வெளியிட்டது. ஆனால் எந்தப் படையும் வந்து சேர நேரம் பிடிக்கும். முதல் பத்து நிமிடம் செக்யூரிட்டிக்காரருக்கும், கேன்டீன் அம்மாவுக்கும், ஏசி பிளாண்ட்டைப் பார்த்துக்கொள்பவருக்கும் சொந்தம். கட்டடத்தின் ஏசியை எந்த சுவிட்சில் நிறுத்துவது, குளோரின் காற்றைவிடக் கனமானது என்பதால் ஏன் பேஸ்மென்ட்டுக்கு ஓடக் கூடாது, கொடிக்கம்பத்துக் காற்றுப்பை எந்தப் பக்கம் வீங்கியிருக்கிறது என்பது இவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

2021 ஜூன் 7 அன்று, புனேயை ஒட்டிய முல்ஷி வட்டம் உரவடே கிராமத்தில், தண்ணீரைச் சுத்திகரிக்கும் குளோரின் டைஆக்சைடு பொருள்கள் தயாரித்த ஆலையில் தீப்பிடித்தது. வெளியேற வழியின்றி 17 தொழிலாளர்கள் கருகினார்கள். பெரும்பாலோர் சுற்றுவட்டாரத்துப் பெண்கள். உடல்களை அடையாளம் காண டிஎன்ஏ சோதனை தேவைப்பட்டது. அங்கே எந்தப் பயங்கரவாதியும் வரவில்லை.

மகாராஷ்டிரத்தில் தசராவுக்கு முந்தைய நாள் கண்டே நவமி. நம் ஆயுத பூஜை மாதிரியே கருவிகளுக்கும் இயந்திரங்களுக்கும் பூவும் குங்குமமும் வைப்பார்கள். ஆக்கவும் அழிக்கவும் வல்ல ஒன்றுக்கு முன் மனிதன் தலை வணங்கும் நாள் அது. அன்றைக்கே ஆலையின் அவசர வழிகளைத் திறந்து பார்த்து, ஒப்பந்தத் தொழிலாளர் உட்பட எல்லாப் பெயரையும் கேட்டில் இருக்கும் பதிவேட்டோடு சரிபார்த்தால் பூஜைக்குக் குறைவொன்றும் வராது. ஆறு மாதத்துக்கு ஒரு முறை ஆலைக்குள் ஒத்திகை நடத்த வேண்டும் என்கின்றன 1989ஆம் ஆண்டின் அபாயகர ரசாயன விதிகள். அந்த ஒத்திகைகளில் ஒன்றையாவது இரவு ஷிப்ட்டில், மேலாளர்கள் வீட்டில் உறங்கும் வேளையில், முன்னறிவிப்பின்றி நடத்த வேண்டும். மராத்தி பேசுபவர், இந்தி பேசுபவர், நேற்று வேலைக்குச் சேர்ந்தவர் என எல்லோரும் ஒன்றுகூடும் இடத்துக்கு வந்து சேர்ந்த பிறகே தலைக்கணக்கை மூட வேண்டும்.