மரத்தின் குரலும் மனிதனின் செவியும்

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் செல்லும் சாலையில் கரும்பு வயல்கள் நம்மோடு நெடுந்தூரம் கூட வருகின்றன. ஊரைக் கடந்து கோமுகி அணையை அடைந்ததும் கல்வராயன் மலை கண்முன் எழுந்து நிற்கிறது. தவக்காலத்து நாள்களில் அந்த மலையடிவாரத்துக் காட்டில் சிறிது நேரம் அமைதியாக நின்று பார்த்தால், ஒரு செய்தி நமக்குப் புலப்படும். காடு ஒருபோதும் மௌனமாக இருப்பதில்லை. இலையுதிர்ந்த கிளைகளில் காற்று சீறுகிறது. மூங்கில்கள் ஒன்றோடொன்று உராய்ந்து முனகுகின்றன. சருகின்மேல் ஓணான் ஒன்று ஓடினாலும் பெரிய விலங்கு வருவதுபோல் நெஞ்சு திடுக்கிடுகிறது.

இவையெல்லாம் மரத்தின் குரலா, அல்லது மரத்தின் வழியே கேட்கும் காற்றின் குரலா? மரம் தானே எதையேனும் உணர்கிறதா? உணர்கிறதென்றால் அதனிடம் நமக்குள்ள கடமை என்ன? உணரவில்லையென்றால் கடமையே இல்லையா?

இவ்வினா புதிதன்று. உயிர்களை அறிவின் அடிப்படையில் ஆறு வகையாகப் பகுத்த தொல்காப்பியர், புல்லுக்கும் மரத்துக்கும் ஓரறிவு உண்டு என்றார். தொடுதலை அறியும் உற்றறிவே அது. கிரேக்க ஞானி அரிஸ்டாட்டிலோ தாவரத்துக்கு உயிர் உண்டு, ஆனால் புலனுணர்வு இல்லை என்றார். உண்ணுதல், வளர்தல், தன்னினத்தைப் பெருக்குதல் ஆகியவற்றோடு அதன் ஆற்றல் நின்றுவிடுகிறது என்பது அவர் முடிவு. நம் திருச்சபையின் பெரும் அறிஞரான புனித தாமஸ் அக்குவினாசும் இவ்வழியையே பின்பற்றினார். மேற்கே இல்லையென்று மறுக்கப்பட்ட தொடுவுணர்வைத் தமிழ் இலக்கணம் மரத்துக்கு வழங்கியிருந்தது என்பது எண்ணி வியக்கத்தக்கது.

இன்றைய அறிவியல் இவ்வழக்கில் புதிய சான்றுகளைக் கொண்டுவந்துள்ளது. செடியின் வளர்ச்சியைப் 10,000 மடங்கு பெருக்கிக் காட்டும் கருவியை அமைத்த ஜகதீச சந்திர போஸ், புறத்தூண்டல்களுக்குத் தாவரங்கள் எதிர்வினை புரிவதைச் சென்ற நூற்றாண்டின் தொடக்கத்திலேயே காட்டினார். 2014-இல் அமெரிக்காவின் மிசௌரி பல்கலைக்கழக ஆய்வாளர்கள், கடுகுக் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு சிறு செடிக்குக் கம்பளிப்புழு இலையைக் கடிக்கும் அதிர்வை மட்டும் ஊட்டினர். பின்னர் உண்மையான புழுக்கள் வந்தபோது, அந்தச் செடி தன்னைக் காக்கும் காரப்பொருளை மிகுதியாகச் சுரந்தது. காற்றின் அதிர்வுக்கு அது அவ்வாறு செய்யவில்லை. காற்று எது, பகை எது என்று அது பிரித்தறிந்தது. 2023-இல் டெல் அவீவ் பல்கலைக்கழகத்தார் மற்றோர் ஆய்வை வெளியிட்டனர். நீரின்றி வாடும் தக்காளி, புகையிலைச் செடிகள் மணிக்கு 30 முதல் 50 முறை வரை சொடக்குப் போன்ற ஒலியை எழுப்புகின்றன. அது மனிதச் செவிக்கு எட்டாத நுண்ணொலி. வாட்டமற்ற செடியோ மணிக்கு ஒருமுறைகூட ஒலிப்பது அரிது.

ஆயினும் இங்கே நாம் நிதானம் இழத்தலாகாது. அந்த ஒலியை அழுகை என்று சொல்லிவிட அறிவியல் இடந்தரவில்லை. தண்டின் நீர்க்குழல்களில் காற்றுக்குமிழி தோன்றி உடைவதே அதற்குக் காரணமாகலாம் என்பது ஆய்வாளர் கருத்து. தாவரத்துக்கு நரம்புமில்லை, மூளையுமில்லை. எதிர்வினை வேறு, வேதனை வேறு.

புனித அகுஸ்தீனார் தம் வாழ்வை இறைவன்முன் அறிக்கையிட்டு எழுதிய நூலின் மூன்றாம் பகுதியில், இளமையில் தாம் நம்பிய ஒரு மூடக்கொள்கையை நினைத்து நாணுகிறார். அத்திப்பழத்தைப் பறித்தால் பழமும் தாய்மரமும் பாலைக் கண்ணீராய்ச் சிந்தி அழுகின்றன என்பது அவர் அப்போது சார்ந்திருந்த மனிக்கேயர் கூட்டத்தின் கோட்பாடு. அதைவிட அவரை வருத்தியது வேறொன்று. அந்தக் கூட்டத்தைச் சேராத ஒருவன் பசித்து வந்து கேட்டால், அவனுக்கு அந்தப் பழத்தைக் கொடுப்பது குற்றமாகக் கருதப்பட்டது. பழத்தின்மேல் இரக்கம் பெருகியது. பசித்தவன்மேல் இரக்கம் வற்றியது.

அகுஸ்தீனாரின் நாணம் நம்மையும் சுடவேண்டும். கல்வராயன் மலையில் வாழும் மலையாளிப் பழங்குடியினர் 1976 வரை ஜாகிர்தார்களின் பிடியில் இருந்தவர்கள். கடுக்காய் பொறுக்கியும் சாமை விதைத்தும் அந்தக் காட்டோடு வாழ்ந்தவர்கள். அவர்களைப் போன்றே வறுமையில் உழலும் சவ்வாது மலை, சித்தேரி மலை மக்களுக்கு நேர்ந்ததை நாம் மறக்கலாகாது. 2015 ஏப்ரல் 7 அன்று ஆந்திரத்தின் சேஷாசலக் காட்டில், செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்று சொல்லப்பட்ட 20 தமிழகத் தொழிலாளர்கள் சுட்டுக் கொல்லப்பட்டனர். அவர்களுள் பலர் இம்மலைகளைச் சேர்ந்தவர்கள். செம்மரம் காக்கப்படவேண்டிய அரிய மரம் என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆனால் அந்த மரம் கடல்கடந்த சந்தையில் பெரும் பொருளாகிறது. கோடரி பிடித்தவனுக்கோ கூலி மட்டுமே கிடைக்கிறது. மரத்துக்காக இரங்கிய நம்முள் எத்தனை பேர் அந்த 20 வீடுகளின் அழுகையைக் கேட்டோம்?

அப்படியானால் மரத்தின்மேல் கொண்ட பரிவு வீண்தானா? அன்று. அதே 2015-இல், மே 24 எனத் தேதியிட்டுத் திருத்தந்தை பிரான்சிஸ் வழங்கிய 'லவுதாத்தோ சி' என்னும் சுற்றுமடல், பூமியின் கூக்குரலையும் ஏழைகளின் கூக்குரலையும் சேர்த்தே கேட்க நம்மை அழைக்கிறது. இரண்டுக்கும் இரண்டு செவிகள் நமக்கில்லை. ஒன்றுக்கு மூடிய செவி, நாளடைவில் மற்றதற்கும் மூடிவிடும். காட்டை வெறும் விறகாகவும் பணமாகவும் எண்ணுகிறவன், அதில் வாழும் மனிதனையும் வெறும் கூலியாகவே எண்ணுவான்.

மரத்துக்கு வலிக்கிறதா என்ற வினாவுக்கு விடை கிடைக்கும்வரை நம் கடமை காத்திருக்கவேண்டியதில்லை. வலியே கடமையின் அளவுகோல் என்றால், அறுவடை செய்யும் ஒவ்வோர் உழவனும் குற்றவாளியாவான். தொடக்கநூலில் மூன்றாம் நாளில் மரங்கள் முளைக்கின்றன. மனிதனோ ஆறாம் நாளில்தான் வருகிறான். அவனுக்குப் பயன்படுமுன்பே, அவன் செவி அவற்றின் ஓசையைக் கேட்குமுன்பே, இறைவன் அவற்றை நல்லவை எனக் கண்டார். அந்த நன்மைக்கு நாம் செலுத்தும் மரியாதையே நம் கடமை. தேவைக்கு வெட்டலாம், நன்றியோடு வெட்டவேண்டும், நாளை வருபவனுக்கும் நிழல் எஞ்சும்படி வெட்டவேண்டும்.

மாலையில் கச்சிராயபாளையத்துக்குத் திரும்பும்போது, மலையிலிருந்து இறங்கும் பேருந்தில் மூட்டையை மடியில் வைத்தபடி மலைமக்கள் அமர்ந்திருப்பார்கள். காட்டில் நாம் பழகிய பொறுமையான செவியை அங்கேயே விட்டுவிட்டு வருதல் ஆகாது. அதைத் தாழ்த்தி, அருகில் இருப்பவரிடம், "எந்த ஊர் ஐயா?" என்று கேட்டு, அவர் சொல்வதை இறுதிவரை கேட்போம்.