மூவகைக் காத்திருப்பு

'சபூர் செய்யுங்கள்' என்னும் சொல் நம் கடற்கரை ஊர்களில் நாளொன்றுக்கு எத்தனை முறை வழங்குகிறது என்று எண்ணப் புகுந்தால் கணக்குத் தவறிப்போகும். மையித்து வீட்டில் அச்சொல் ஆறுதல். கொடுத்த கடனைத் திருப்பிக் கேட்க வந்தவரிடம் அதுவே சாக்கு. கூலிக்காக வாசலில் நிற்பவனிடமோ அது கதவடைப்பு. ஒரே சொல்லை இத்தனை பொருளில் நாம் ஆளுகின்றபோது, அது குறிக்கும் பண்புதான் யாது என்னும் வினா எழாமல் இராது. காத்திருத்தல் ஒரு செயலா? அன்றிச் செயலற்றுப் போனவன் தனக்குத் தானே சூட்டிக்கொள்ளும் அழகிய பெயரா?

அரபு மொழியில் 'ஸப்ர்' என்பதன் வேர்ப்பொருள் தடுத்து நிறுத்துதல், கட்டுப்படுத்துதல் என்பதாம். கட்டுதல் என்றால் கட்டுகின்ற கை ஒன்று வேண்டும். தமிழில் 'பொறுத்தல்' என்பதோ சுமத்தலைக் குறிக்கும். 'பொறை' என்றாலே சுமைதான். இரு மொழிகளும் பொறுமையை வெறுமையாகக் கருதவில்லை. கைக்கும் தோளுக்கும் உரிய வேலையாகவே கருதின என்பது சிந்திக்கத்தக்கது. இன்னொன்றையும் ஈண்டு நினைவுகூரலாம். நாள்தோறும் பாங்கொலியில் நாம் கேட்கும் 'ஃபலாஹ்' என்னும் வெற்றியைக் குறிக்கும் சொல்லும், உழவனைக் குறிக்கும் 'ஃபல்லாஹ்' என்னும் சொல்லும் ஒரே வேரிலிருந்து பிறந்தவை. ஆகவே இவ்வினாவுக்கு விடை தேடித் தோட்டத்துக்குச் செல்வது முறையற்ற செயல் ஆகாது.

அதிலும் குளிர்நாட்டுத் தோட்டத்துக்குச் செல்லுதல் நலம். நம் பொம்மையார்பாளையத்து மணற்பாங்கான நிலத்தில் விதைப்பவன் அஞ்சுவது வெயிலுக்கும், ஐப்பசி கார்த்திகை மழைக்கும்தான். ஆடிப்பட்டம் தப்பினால் அவனுக்குத் தைப்பட்டம் உண்டு. குளிர்நாட்டானுக்கு அந்த இரண்டாம் வாய்ப்பு அரிது. கனடா நாட்டின் டொராண்டோ நகரை எடுத்துக்கொள்வோம். 1983ஆம் ஆண்டுக்குப் பின் அங்குப் பெருந்தொகையினராய்க் குடியேறிய ஈழத் தமிழர்கள், தம் வீட்டுப் பின்புறங்களில் கத்தரி, வெண்டை, மிளகாய், பாகல் ஆகியவற்றைப் பயிரிட்டு வருகின்றனர். அங்கே மே மாத முற்பகுதி வரையிலும் உறைபனி விழக்கூடும். அக்டோபர் மாதத்தில் அது மீண்டும் தலைகாட்டிவிடும். இடைப்பட்ட ஐந்து மாதங்களே கத்தரிக்கும் வெண்டைக்கும் உரிய ஆயுள்.

உறைபனி பட்ட கத்தரி நாற்றின் உயிரணுக்களில் உள்ள நீர் உறைந்து திசுக்களைச் சிதைக்கிறது. முன்னாள் மாலை பசுமையாய் நின்ற இலை மறுநாள் கருகித் தொங்கும். பனி விழாவிட்டாலும், மண்ணின் வெப்பம் ஏறத்தாழ 16 பாகைக்குக் கீழே இருந்தால் வெண்டை விதை சரிவர முளைப்பதில்லை; பெரும்பாலும் ஈரத்தில் கிடந்து அழுகும். ஆதலால் அனுபவமுடையோர் மார்ச் மாதத்தில் கத்தரி, மிளகாய் விதைகளை வீட்டினுள்ளே சிறு கிண்ணங்களில் இட்டு, விளக்கொளியில் முளைக்கச் செய்கின்றனர். நாற்று வளர்ந்தபின் ஒரு வாரம் பத்து நாள் பகலில் வெளியே வைத்தும் இரவில் உள்ளே எடுத்தும் அதனைக் காற்றுக்கும் குளிருக்கும் பழக்குகின்றனர். மே 24ஆம் நாளையொட்டி வரும் விக்டோரியா நாள் விடுமுறைதான் நாற்றுகளை மண்ணில் நடுவதற்கு அந்நாட்டார் வழக்கமாகக் கொண்டுள்ள எல்லை. அதே தோட்டத்தில் பட்டாணியும் கீரையும் கேரட்டும் முன்னரே விதைக்கப்படுகின்றன. கேரட் விதை 5 பாகை வெப்பத்திலேயே மெல்ல முளைக்க வல்லது. ஒரே மண்ணில், ஒவ்வொரு விதைக்கும் வெவ்வேறு தவணை!

மார்ச்சு முதல் மே வரை காத்திருக்கும் அம்மனிதரைச் சும்மா இருப்பவர் என்று எவரேனும் சொல்வரோ?

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் தம் 'இஹ்யா'வில் அச்சத்தையும் நம்பிக்கையையும் பற்றி விளக்குமிடத்தில், உழவனையே சான்றாக நிறுத்துகின்றார்கள். நல்ல நிலத்தில் நல்ல விதையிட்டு, நீர் பாய்ச்சி, களை நீக்கி, தன்னால் ஆவன யாவும் முடித்தபின் இறையருளை எதிர்நோக்குபவனின் காத்திருப்பு 'ரஜா', அதாவது மெய்யான நம்பிக்கை. நல்ல நிலத்தில் விதைத்தும் நீருக்கு வழி செய்யாமல், வரினும் வரும் வராமலும் போம் என்னும் மழையை நோக்கி அமர்ந்திருப்பவனின் காத்திருப்பு 'தமன்னி', அதாவது வெறும் ஆசை. நீரேறாத உவர் நிலத்தில் விதையைத் தூவிவிட்டு, பின்னர் அதனை ஏறிட்டும் பாராமல் அறுவடையை எதிர்பார்ப்பவனின் காத்திருப்போ 'குரூர்', அதாவது தன்னைத் தானே ஏமாற்றிக்கொள்ளுதல். வெளித்தோற்றத்தில் மூவரும் ஒன்றுபோலவே வானத்தைப் பார்த்திருக்கின்றனர். வேறுபாடு அவர்கள் முன்னர்ச் செய்த வேலையில் இருக்கிறது.

இந்த அளவுகோலைக் குளிர்நாட்டுத் தோட்டத்தில் வைத்துப் பாருங்கள். நாற்றைப் பழக்கி, பனியின் எல்லையறிந்து நடுபவர் முதல் வகையினர். ஏப்ரலில் இரண்டு நாள் வெயில் கண்டவுடன் வெண்டை விதையை ஊன்றிவிட்டு, 'இறைவன் நாடினால் முளைக்கும்' என்பவர் மூன்றாம் வகையினர். அவர் வாயிலிருந்து வருவது தவக்குலின் சொல்; அவர் செயலில் இருப்பது சோம்பலும் அவசரமும். இவ்விரண்டும் பகைவர்போல் தோன்றினாலும் உண்மையில் உடன்பிறந்தவை. இடையிலுள்ள உழைப்பைத் தாண்டிப் பயனை அடைய விரும்புவதில் இரண்டும் ஒன்றே.

இங்கே ஒரு தடை எழுப்பப்படலாம். "எல்லைக்கு அடங்கியிருப்பதா மனிதப் பெருமை? எல்லையை மீறியவர்களால் அன்றோ உலகம் முன்னேறியது?" என்பர். நம் நாட்டுச் சான்றையே நோக்குவோம். 1819இல் நீலகிரி மலைக்குச் சென்ற கோயமுத்தூர் ஆட்சியர் ஜான் சல்லிவன் காலந்தொட்டு ஐரோப்பியக் காய்கறிகள் அங்கே வேரூன்றின. 1840களில் உதகை வாழ் ஐரோப்பியர் மாதம் 3 ரூபாய் சந்தா செலுத்தி ஒரு காய்கறித் தோட்டம் அமைக்க முயன்றனர், அம்முயற்சி நிலைக்கவில்லை. 1848இல் வந்து சேர்ந்த மக்ஐவர் என்னும் தோட்டக்கலை வல்லுநரின் பொறுப்பில் உருவானதே இன்றைய அரசு தாவரவியல் பூங்கா. புதுச்சேரிச் சந்தையில் நாம் வாங்கும் 'இங்கிலீஷ் காய்'களின் வரலாறு இவ்வாறு தொடங்குகிறது. அவர்கள் வென்றது எதனால்? முட்டைக்கோசை வெயிலுக்குப் பணிய வைத்ததனால் அன்று. அதற்கு உகந்த குளிரைத் தேடி மலையேறியதனால்தான். எல்லையை அறிந்தவனுக்கே அதற்குள் வழி புலப்படும்.

குளிரைப் பகையாக மட்டும் கருதுவதும் பிழை. குளிர்நாட்டுக் கேரட்டும் முட்டைக்கோசும் ஒரு குளிர்காலத்தைக் கடந்தாலன்றிப் பூப்பதில்லை. பூவாமல் விதை ஏது? தானியப் பயிர்களில் இவ்வியல்பை ஜெர்மானிய அறிஞர் காஸ்னர் 1918இல் ஆராய்ந்து விளக்கினார். இந்த மெய்யான அறிவையே அவசரம் எவ்வாறு நஞ்சாக்கியது என்பதற்குச் சோவியத் நாட்டு லைசென்கோவின் வரலாறு சான்று. விதையை நனைத்துக் குளிரூட்டி விதைத்தால் விளைச்சல் பெருகும் என்று 1929 முதல் அவர் முழங்கினார். முறையான சோதனைகளின் முடிவுக்குக் காத்திராமல் ஆட்சியாளர் அதனை நாடெங்கும் பரப்பினர். உலகைச் சுற்றி விதைகளைத் திரட்டிய பேரறிஞர் வாவிலோவ், லைசென்கோவின் கொள்கையை எதிர்த்தமையால் ஆட்சியின் சினத்துக்கு ஆளாகி, 1940இல் கைது செய்யப்பட்டு, 1943இல் சாரதோவ் சிறையில் மாண்டார். 1965இல்தான் லைசென்கோவின் செல்வாக்கு சாய்ந்தது. தோட்டக்காரனின் அவசரத்தில் அழிவது அவனுடைய நாற்று. அதிகாரத்தில் உள்ளவனின் அவசரத்திலோ அழிவது பிறருடைய வாழ்வு.

இவ்விடத்தில் நம் கரைக்குத் திரும்புவோம். பொம்மையார்பாளையத்திலிருந்து கடற்கரைச் சாலையில் வடக்கே சென்றால் மரக்காணத்து உப்பளங்கள் பரந்து கிடக்கின்றன. கஸ்ஸாலி இமாம் சுட்டிய உவர் நிலம் இதுவே. விதைக்கு உதவாத அந்நிலத்திலும் மனிதன் பாத்தி கட்டுகிறான். கீரைக்கும் பாத்தி, உப்புக்கும் பாத்தி என்று தமிழ் இரண்டையும் ஒரே சொல்லால் அழைப்பது வியப்பே! அங்குள்ள தொழிலாளி காத்திருப்பது வெயிலுக்கு. மழை இறங்கினால் விளைந்த உப்பும் கரைந்தோடும். 2024 நவம்பர் 30ஆம் நாள் புதுச்சேரி அருகே கரை கடந்த ஃபெஞ்சல் புயல் இவ்வளங்களை வெள்ளக்காடாக்கியது. புயல் வராத ஆண்டுகளிலும் மழை மாதங்களில் அவர்களுக்கு வேலை இல்லை.

இவர்களின் காத்திருப்பு மேற்சொன்ன மூன்றில் எதனைச் சார்ந்தது? ஆழ்ந்து நோக்கின் எதனையும் சாராது. அம்மூவரும் விதையைத் தம் கையில் வைத்திருந்தவர்கள். விதைக்கவோ விடவோ அவர்களால் இயன்றது. நாட்கூலியாளன் பாத்திக்கும் உரியவன் அல்லன், உப்புக்கும் உரியவன் அல்லன். தன்னால் ஆவன யாவும் அவன் செய்து முடித்துவிட்டான். மீதியைச் செய்ய வேண்டியவர்கள் பிறர். அவனை நோக்கி 'சபூர் செய்' என்பவர், தம் கடமையை அவன் தோளில் ஏற்றுகின்றார். வியர்வை உலருமுன் கூலியைக் கொடுத்துவிடவேண்டும் என்னும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் போதனையில், காத்திருக்குமாறு பணிக்கப்பட்டவன் தொழிலாளி அல்லன். விரையுமாறு பணிக்கப்பட்டவர் முதலாளி. தமிழ்நாட்டு அரசு உப்பளத் தொழிலாளர்க்கு மழைக்கால நிவாரணமாக 5,000 ரூபாய் வழங்க முன்வந்ததும் இந்த நியாயத்தை ஓரளவேனும் ஏற்றுக்கொண்ட செயலாகும். மழையைப் பொறுப்பது அவன் கடமையாயின், மழைநாளில் அவன் அடுப்பு எரிவதைக் காண்பது ஊரின் கடமை.

ஆகவே பொறுமையைப் பற்றிப் பேசுவோர் இரண்டு வினாக்களை முதலில் தம்மிடமே கேட்டுக்கொள்ளுதல் வேண்டும். காத்திருக்குமுன் செய்யவேண்டியதைச் செய்து முடித்தேனா? நான் காத்திருப்பது பருவத்துக்காகவா, அன்றி என் காலதாமதத்துக்காகப் பிறரைக் காக்க வைக்கின்றேனா? பனியும் மழையும் இறைவன் வகுத்த தவணைகள். அவற்றின்முன் பணிதல் அறிவு. மனிதன் மனிதனுக்கு வைக்கும் தவணைக்கோ அத்தகைய புனிதம் எதுவும் இல்லை.