பஞ்சமி தீர்த்தமும் சரக்குக் கணக்கும்

திருச்சானூரில் பத்மாவதித் தாயார் பத்ம சரோவரத்தின் பொற்றாமரையில் தோன்றியதாகப் போற்றப்படும் கார்த்திகை வளர்பிறைப் பஞ்சமியே, அங்கு ஒன்பது நாள் நடைபெறும் பிரம்மோற்சவத்தின் நிறைவு நாளான பஞ்சமி தீர்த்தம் ஆகும். அன்று பட்டுச்சேலை, மஞ்சள், குங்குமம் முதலியன திருமலையிலிருந்து யானைமீது சீர்வரிசையாக வந்து சேர்கின்றன. சக்கரத்தாழ்வாரின் தீர்த்தவாரியை ஒட்டி அடியார்கள் திரளாகத் திருக்குளத்தில் நீராடுகின்றனர். இத்திரளை எதிர்நோக்கி வளையலும் குங்குமமும் சேலையும் விளக்கும் விற்போர் முன்னதாகவே சரக்கு வாங்கி வைப்பதும், அதற்கான கணக்கை டேலி போன்ற வணிக மேலாண்மை மென்பொருள்களிடம் ஒப்படைப்பதும் இன்றைய வழக்கம். தாயாரின் திருநாளை இலாபக் கணக்கோடு எதிர்கொள்வது அவள் அருளை நம்பியிருத்தலுக்கு முரணாகுமா என்பது ஆராயத்தக்கது.

மென்பொருளின் வேலை நுட்பமானதே அன்றி மறைபொருளானதன்று. பில் போடும்போதே இருப்பு குறைகிறது. ஒரு பொருளின் அன்றாடச் சராசரி விற்பனையை, அது வந்துசேர ஆகும் நாட்களால் பெருக்கி, எதிர்பாராத கூட்டத்துக்கென ஒரு கையிருப்பையும் கூட்டினால் கிடைக்கும் அளவு மறுகொள்முதல் அளவு, கடைப்பேச்சில் ரீஆர்டர் லெவல், எனப்படும். ஆயினும் சென்ற ஆண்டின் அதே வாரத்தை அளவுகோலாகக் கொண்டால் திருச்சானூரில் அக்கணக்கு பிழைபடும். பஞ்சமி தீர்த்தம் 2023இல் நவம்பர் 18 அன்றும், 2024இல் டிசம்பர் 6 அன்றும், 2025இல் நவம்பர் 25 அன்றும் அமைந்தது. தெலுங்கு வழக்கிலுள்ள சாந்திரமானப்படி, அதாவது அமாவாசையை எல்லையாகக் கொள்ளும் மாதக் கணக்கின்படி, 2024ஆம் ஆண்டின் கார்த்திக சுத்த பஞ்சமி நவம்பர் தொடக்கத்திலேயே கழிந்துவிட்டது. உற்சவமோ சூரியன் விருச்சிக ராசியில் நிற்கும் சௌரமானக் கார்த்திகையின் பஞ்சமியில் நிகழ்ந்தது. 2023இல் தீபாவளிக்கு ஆறே நாள் கழித்து வந்த விழா, அடுத்த ஆண்டில் தீபாவளியிலிருந்து ஐந்து வாரம் தள்ளி வந்தமையால், தீபாவளிக்கும் விழாவுக்கும் ஒரே கொள்முதல் என்ற கணக்கும் நிற்கவில்லை. பஞ்சாங்கத்தை அருகில் வைத்துக்கொள்ளாத கடைக்காரருக்கு மென்பொருள் முழுத்துணை ஆகாது.

இனி, அருளுக்கும் முயற்சிக்கும் உள்ள உறவை வைணவர் நெடுங்காலம் விவாதித்துள்ளனர். தாய்ப்பூனை தானே குட்டியைக் கவ்விச் செல்வதுபோல் இறைவனே காப்பான் என்னும் மார்ஜார நியாயத்தைத் தென்கலையாரும், குரங்குக்குட்டி தாயைப் பற்றிக்கொள்வதுபோல் உயிரும் பற்ற வேண்டும் என்னும் மர்க்கட நியாயத்தை வடகலையாரும் கொள்வர். ஆயினும் இவ்விவாதம் வீடுபேற்றைப் பற்றியதே. சரணடைந்தவன் தன் தொழிலைக் கைவிடலாம் என்று இரு சாராரும் கூறவில்லை. பயனைத் தனதாக்காமல் செய்யும் பணி கைங்கரியம் எனப்படும். தொலைவிலிருந்து வந்த அடியார் ஒரு பொட்டலம் குங்குமமும் கிடைக்காமல் திரும்பாதபடி முன்கூட்டியே எண்ணி வைப்பதை அதனோடு சேர்த்து எண்ணத் தடையில்லை.

தடை வேறோரிடத்தில் உள்ளது. முற்காலத்தில் கூட்டத்தைக் கண்டு பேராசை கொண்டவர் அந்தக் கணத்தில் விலையை ஏற்றினார். இன்று மென்பொருளில் ஒரு விலைப்பட்டியலுக்கு அது நடைமுறைக்கு வரும் தேதியையும் குறித்து, விழா விலையைப் பல வாரங்களுக்கு முன்பே அமைதியாக அமர்ந்து பதிந்துவிட முடிகிறது. எனவே அவசரத்தில் தவறியதாகச் சொல்லும் சாக்கும் இல்லாமற்போகிறது. முன்னறிவு பெருகப் பெருகப் பொறுப்பும் பெருகுகிறது என்பதே இதன் பொருள். பேராசைக்கு வரம்பு கட்டும் எண்ணம் பழையதே: அர்த்தசாத்திரம் உள்நாட்டுச் சரக்குக்கு நூற்றுக்கு 5, வெளிநாட்டுச் சரக்குக்கு நூற்றுக்கு 10 என இலாபத்துக்கு எல்லை வகுத்தது. உயிர்களின் குற்றத்தைப் பெருமான் பொறுக்கும்படி இடைநின்று பரிந்துரைப்பது புருஷகாரம். அதைத் தன் இயல்பாகக் கொண்ட தாயாரின் வாசலில், தேவையை அறிந்தே தேவைப்படுவோரை நெருக்குவது மிகக் கொடிது.

இன்று பொட்டலப் பொருளுக்கு அச்சிட்ட உச்ச விலை உண்டு. உதிரிப்பூவுக்கும் தேங்காய்க்கும் அக்காப்பு இல்லை. ஆதலால் கொள்முதல் விலை ஏறினாலன்றி, உற்சவத்தின் ஒன்பது நாளும் முந்திய மாத விலையே செல்லும் என்று திருச்சானூர்க் கடைக்காரர்கள் எழுதி ஒட்ட வேண்டும்.