இருக்கட்டும்!

உங்கள் வீட்டுப் பரணில் என்னென்ன இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியுமா? எனக்குத் தெரியாது. போன மாதம் வெள்ளையடிக்க ஆள் வந்தபோதுதான் ஒவ்வொன்றாக இறங்கியது. கைப்பிடி உடைந்த குக்கர், பாடாத ரேடியோ, ஹார்பரில் வேலை பார்த்த அப்பாவின் ட்ரங்க் பெட்டி... எதைத் தொட்டாலும் அம்மாவிடம் ஒரே பதில்தான்: ''இருக்கட்டும்டா!''

ஒத்தாசைக்கு வந்திருந்தான் பக்கத்து வீட்டுப் பையன். காலடிப்பேட்டையில் பிறந்து, ஓ.எம்.ஆரில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருப்பவன். தூசியைத் தட்டிக்கொண்டே, ''எங்க வேலையிலயும் இதே கதைதாண்ணே. ஆனா அங்க பரணைப் பார்த்துக்க 'கிட்' இருக்கு'' என்றான்.

2005-ல் லினஸ் டோர்வால்ட்ஸ் என்பவர் எழுதிய மென்பொருள் அது. புரோகிராம் எழுதுகிறவர்கள் இன்று எழுதியது, நேற்று எழுதியது, போன வருஷம் எழுதித் திருத்தியது என எல்லாவற்றையும் அதில்தான் சேர்த்து வைக்கிறார்கள். மணலி பக்கம் கன்டெய்னர் யார்டு பார்த்திருப்பீர்களே, அதுமாதிரி ஒரு கிடங்கு. ஒவ்வொரு சரக்குக்கும் 40 எழுத்தில் ஒரு முத்திரை. உள்ளே இருப்பதை வைத்தே அந்த முத்திரை கணக்கிடப்படுவதால், ஒரே சரக்கு நூறு தடவை வந்தாலும் ஒன்றைத்தான் வைத்துக்கொள்ளும்.

உதிரிகள் சுமார் 6,700-ஐத் தாண்டினால் அதுவாகவே மூட்டை கட்ட ஆரம்பித்துவிடும். ஒன்றுபோல இருப்பவற்றைச் சேர்த்து, ஒன்றை மட்டும் முழுசாக வைத்து, மற்றதற்கெல்லாம் 'இதில் இன்னது மட்டும் வேறே' என்று ஒரு குறிப்பு. பெரிய கிடங்கு சின்ன மூட்டையாகிவிடும். நம் வீட்டுப் பெண்கள் ஊருக்குப் போகும்போது ஒரே பையில் நாலு பேர் துணியை அடுக்குகிற வித்தைதான்!

''சரி, எதைத் தூக்கிப் போடும்? பழசையா?'' என்றேன். பி.காம். புத்தி... முதலில் வந்தது முதலில் வெளியே!

''வயசே பார்க்காதுண்ணே. உபயோகமான்னும் பார்க்காது. ஏதாவது ஒரு பேர்லேருந்து கிளம்பிப் போனா அதுகிட்ட போய்ச் சேர முடியுதா, அவ்ளோதான். யாருமே கைகாட்டலைன்னா அது குப்பை. அதையும் உடனே போடாது. சும்மா விட்டா, ரெண்டு வாரம் தாண்டணும்.''

எனக்கு அந்த இரண்டு வாரம்தான் பிடித்துப் போனது. இதுவும் ஒரு 'இருக்கட்டும்'தான். ஆனால், தேதி போட்ட 'இருக்கட்டும்'!

தேதி போடாவிட்டால் என்ன ஆகும் என்று வடசென்னைக்காரர்களுக்குச் சொல்லித் தரவேண்டியதில்லை. 2015-ல் சுங்கத்துறை பறிமுதல் செய்தது, சுமார் 740 டன் அம்மோனியம் நைட்ரேட். உரிமத் தகராறு. 37 கன்டெய்னர்களில் அடைத்து மணலியில் ஒரு கிடங்கில் வைத்தார்கள். கிட்டத்தட்ட அஞ்சு வருஷம் அது அங்கேயே கிடந்தது. 2020 ஆகஸ்ட் 4-ம் தேதி பெய்ரூட் துறைமுகத்தில், 2013-ல் ஒரு கப்பலில் வந்த 2,750 டன் அதே சரக்கு வெடித்து இருநூறு பேருக்கு மேல் இறந்தார்கள். அதற்குப் பிறகுதான் நம் ஊர் சரக்கு செய்தியானது. அந்த மாதமே ஹைதராபாத் பக்கம் லாரி ஏறத் தொடங்கியது.

வைத்திருக்கலாம் என்று எந்த அதிகாரியும் தீர்மானம் போட்டிருக்க மாட்டார். ஆளாளுக்கு ஒரு 'இருக்கட்டும்' சொல்லியிருப்பார்கள், அவ்வளவுதான். சேர்த்து வைப்பதை நாம் ஜாக்கிரதை என்று நினைக்கிறோம். பாதி நேரம் அது சோம்பேறித்தனம். நான் உட்பட!

அப்படியென்றால் கைகாட்ட ஆள் இல்லாததையெல்லாம் தூக்கி எறிந்துவிடலாமா? அந்த வேகத்தில்தான் அப்பாவின் ட்ரங்க் பெட்டியைத் திறந்தேன். உள்ளே ஒரு டைரி, 1983. எல்லாம் கடன் கணக்கு. பால்காரர், டெய்லர், சீட்டுப் பணம். தீர்த்ததையெல்லாம் ஒரு கோடு போட்டு அடித்திருந்தார். ஒன்றே ஒன்றுக்குக் கோடு இல்லை. 'கல்மண்டபம் அண்ணாச்சி - 340.'

மளிகை பாக்கிக்கு மூன்று வருஷம்தான் கெடு. அதற்கப்புறம் அண்ணாச்சி வழக்குப் போட முடியாது என்று காலேஜில் படித்திருக்கிறேன். வழக்குப் போட முடியாது என்றுதான் சட்டம் சொல்கிறது. கடனே இல்லை என்று சொல்லவில்லை. இன்னொன்றும் படித்தேன். வராக்கடன் என்று எழுதித் தள்ளுகிற உரிமை கொடுத்தவனுக்குத்தான். வாங்கியவன் தன் நோட்டில் தானே தள்ளிக்கொண்டால் அதற்குப் பெயர் கணக்கு இல்லை!

பையனிடம் டைரியைக் காட்டினேன். ''கிட்ல கூட உங்க மெஷின்ல உள்ளதைத்தாண்ணே நீங்க அழிக்கலாம். ஏற்கெனவே எடுத்துக்கிட்டுப் போனவன் மெஷின்ல அது அப்படியே இருக்கும்'' என்றான்.

அண்ணாச்சி வீட்டிலும் ஒரு நோட்டு இருக்குமோ? கடை இருந்த இடத்தில் இப்போது செல்போன் ரிப்பேர் பார்க்கிறார்கள். அண்ணாச்சி இருக்க வாய்ப்பில்லை. பிள்ளைகள் இருக்கலாம். 340-க்கு இன்றைக்கு என்ன கணக்கு, வட்டி உண்டா, 'யார் சார் நீங்க?' என்று கேட்டால் என்ன சொல்வது... ஒன்றும் தெரியவில்லை.

அம்மா டைரியை வாங்கிப் பார்த்தாள். அந்தப் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றாள். அப்புறம் அவளே அதிசயமாக, ''இதைப் போட்டுடலாம்டா'' என்றாள்.

''ரெண்டு வாரம் இருக்கட்டும்மா'' என்றேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை கல்மண்டபம் போகிறேன்.